பதினான்காம் கேள்விக்கு ‘ஆம்’

பிப். 3, செவ்வாய்

காலை ஏழு வரை மூட்டம். பனியா புகையா என்று இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. திருவொற்றியூரில் ரயிலை விட்டு இறங்கும்போதே தொண்டையில் அழுகிய முட்டை வாடை.

அலுவலகம் வழக்கம்போல. கீழே அண்ணாச்சியின் இரும்புக்கடை, மேலே நாங்கள். நுரையீரல் நல ஆய்வு. பெயர்ப்பலகை செய்து வந்து ஒன்றரை வருடமாகச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. மாட்ட ஆளில்லை.

இன்றைய வேலை: அறிக்கைச் சுருக்கத்தின் தமிழ் வடிவத்தில் பிழை திருத்தம். பதினோரு பக்கம். ஆய்வை நடத்தும் டாக்டருக்கு மாலைக்குள் வேண்டும். 17-ஆம் தேதி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் இதைத்தான் வாசிக்கப் போகிறார்கள். ரசாயன ஆலை விரிவாக்கம், இரண்டாவது புகைபோக்கி. தேர்தல் அறிவிப்பு வருவதற்குள் கூட்டம் முடிந்தாக வேண்டும் என்று மேலிருந்து ஒரே நச்சரிப்பு.

ஒற்றுப்பிழை. ஒற்றுப்பிழை. ‘நுரையிரல்’. டீ. மறுபடி ஒற்றுப்பிழை.

எட்டாம் பக்கம்: “கிளஸ்டர் ஏழில் மூச்சுத்திறன் குறைவு அதிகம் காணப்படுகிறது. இங்கு ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் விறகடுப்புப் பயன்பாடு பதிவாகியுள்ளது. வீட்டுச் சமையல் புகையே இதற்கு முதன்மைக் காரணமாக இருக்கலாம். புகையில்லா அடுப்பு குறித்த விழிப்புணர்வு முகாம்கள் பரிந்துரைக்கப்படுகின்றன.”

கிளஸ்டர் ஏழு என்றால் மீன் விற்கும் கஸ்தூரிக்காவின் குப்பம். ஆலை மதில், ஒரு சந்து, அப்புறம் வீடுகள். ஆலையைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வரி இல்லை. அந்தக் குப்பத்தில் எல்லா வீட்டிலும் கேஸ் அடுப்பு. எத்தனை வீட்டில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன்.

பிறகு இந்த விறகு எங்கிருந்து வந்தது?

அரை மணி நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் புரிந்தது. என் கையிலிருந்துதான் வந்திருக்கிறது.

பிப். 4, புதன்

அலமாரியைத் திறந்து பழைய படிவங்களை எடுத்தேன். சாவி பிரபுவிடம். என்னைப் போலவே ஒப்பந்தத்தில் இருக்கும் கள ஊழியன், தண்டையார்பேட்டைக்காரன்.

நினைத்தது சரி. போன ஆடி, மூன்றாம் ஞாயிறு. குப்பத்து அம்மனுக்குக் கூழ் வார்த்தல். மற்ற நாளில் போனால் ஆண்கள் கடலில், பெண்கள் மீன் விற்க டோல்கேட் பக்கம், வீடெல்லாம் பூட்டு. அன்றைக்கு எல்லாரும் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டு அந்த நாளைத் தேர்ந்தெடுத்தது நான். நான்கு பேர் போய் ஒரே நாளில் குப்பத்தையே முடித்தோம். டாக்டர் பாராட்டினார்.

வாசலுக்கு வாசல் மூன்று செங்கல், மேலே அண்டா, அடியில் சவுக்கு விறகு. ஆத்தாவுக்குக் கேஸில் காய்ச்சக் கூடாது. ஊர் முழுக்கப் புகை, கேழ்வரகு வாசம், கருவாட்டுக் குழம்பு. நான் கையில் படிவத்துடன்.

கேள்வி 13: கேஸ் இணைப்பு உண்டா? ஆம். (இது அறிக்கையில் எந்தப் பக்கத்திலும் இல்லை.)

கேள்வி 14: கடந்த ஓராண்டில் உங்கள் வீட்டில் விறகடுப்பு பயன்படுத்தியதுண்டா? ஆம் / இல்லை.

கஸ்தூரிக்கா அன்று சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. “கண்ணு நொள்ளையா மே? தோ எரிஞ்சிகினு கீதே, இது இன்னா ஏசியா?” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆம் என்று டிக் அடித்தேன். அடுத்த வீடு, டிக். அதற்கடுத்த வீடு, டிக். பாதிப் படிவங்களில் என் கையெழுத்து.

ஆனால் ஒன்று. முதலில் அச்சடித்த சோதனைப் படிவத்தில் 14அ என்று ஒரு கேள்வி இருந்தது: ஆண்டில் எத்தனை நாள்? ஆலை வாடை எந்த நேரத்தில் வருகிறது, காற்று எந்தத் திசை என்றும் இரண்டு கேள்விகள் இருந்தன. மூன்றையும் ஆலோசனைக் குழு எடுத்துவிட்டது. காரணம், படிவம் நீளமாக இருக்கிறதாம், மக்களின் நேரத்தை மதிக்க வேண்டுமாம். குழுவில் யார் யார்? இரண்டு டாக்டர்கள், ஒரு துறை அதிகாரி, ஒரு புள்ளியியல் பேராசிரியர், ஆலை முதலாளிகள் சங்கத்திலிருந்து ஒருவர். குப்பத்திலிருந்து பூஜ்யம். கேள்விகளை எடுக்கச் சொன்னது யார் என்று கூட்டக் குறிப்பில் தேடினேன். ‘ஒருமனதாக’ என்று இருக்கிறது.

கேள்வியை எடுத்தது அவர்கள். கேள்வி போன பிறகும் மூளையைக் கழற்றி வைத்துவிட்டு டிக் அடித்தது நான். ஓரத்தில் ‘கோயில் கூழ், ஒரு நாள் மட்டும்’ என்று ஐந்து சொல் எழுத எனக்குக் கை இல்லையா?

பிரபுவிடம் காட்டினேன்.

“உட்டுடு யசோ. நாம டிக் அடிக்கிற ஆளு. டாக்டர் பாத்துப்பாரு.”

“டாக்டர்தான் இத எழுதியிருக்காரு.”

“அப்ப அவரு பாத்துட்டாரு. சாவிய குடு.”

பிப். 6, வெள்ளி

வெயில். மின்விசிறி கிறீச்.

டாக்டரிடம் பேசினேன். ஆளை வெறுக்க முடியவில்லை, அதுதான் தொல்லை. வியாசர்பாடி என்று முகவரியைப் பார்த்ததும் முகம் மாறாமல் எனக்கு வேலை கொடுத்த முதல் ஆள். மூச்சுத்திறன் அளக்கும் முகாமில் தரையில் உட்கார்ந்து கிழவர்களுக்குக் கருவியில் ஊதச் சொல்லிக் கொடுத்தவர்.

“சார், பதினாலாவது கேள்வி தப்பாயிடுச்சு.”

“கேள்வி சரி. பதிலும் சரி. அவங்க வீட்ல விறகு எரிஞ்சுதா இல்லையா?”

“ஒரே ஒரு நாள் சார். கோயிலுக்கு.”

“ஒரு நாள்னு ஃபார்ம்ல எங்க இருக்கு?”

“அந்தக் கேள்வியத்தான் கமிட்டி எடுத்துடுச்சே.”

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இதே இடத்துல முன்னாடி ஒரு ஸ்டடி பண்ணேன் யசோதரா. காத்துதான் காரணம்னு தைரியமா எழுதினேன். என்ன ஆச்சு தெரியுமா? ஒண்ணும் ஆகல. அறிக்கை வெளியவே வரல. அடுத்த வருஷம் ஸ்டடியும் இல்ல. இந்தத் தடவை இது சத்தமில்லாம போச்சுன்னா ரெண்டாம் கட்டம் குடுப்பாங்க. அப்ப காத்தைக் கேக்கலாம்.”

“அதுக்குள்ள ரெண்டாவது புகைபோக்கி வந்துடும் சார்.”

“காத்தோட அளவு யார் கையில இருக்கு? ஆலை கையில. அவங்க மெஷின், அவங்க ஆளு. அவங்க குடுத்தாதான் நமக்கு. அதனாலதான் கமிட்டியில நாற்காலி போட்டிருக்கோம். நான் என்னம்மா பண்ணட்டும்?”

என்னைக் கேட்கிறார். மார்ச்சோடு என் ஒப்பந்தம் முடிகிறது. அதை நீட்டிக்கும் கையெழுத்தும் அவருடையதுதான்.

நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அலுத்துப்போய்ச் சொன்னார்: “வேற டேட்டா இருந்தா கொண்டா, பாக்கலாம்.”

என்னை வெளியே அனுப்புவதற்காகச் சொன்ன வார்த்தை. தெரியும். ஆனாலும் சொன்னார் அல்லவா.

பிப். 8, ஞாயிறு

ஞாயிறு மீன் வியாபாரம் முடிந்து கஸ்தூரிக்கா வர மூன்று மணி ஆகும். அதுவரை சந்தில் நின்றேன். மதிலுக்கு மேலே புகைபோக்கி. மதிலில் ஆலைக்காரர்கள் வரைந்த மரம், கிளி, ‘பசுமை காப்போம்’.

கஸ்தூரிக்காவின் புருஷன் தேசப்பன் அண்ணன் வாசலில் வலை தைத்துக்கொண்டிருந்தார். நாற்பத்து நான்கு வயது. கடலுக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. வலை இழுத்தால் மூச்சு நிற்கிறது. நான்கு சொல் பேசி ஒரு மூச்சு வாங்குவார்.

அக்கா கூடையை இறக்குவதற்குள் சொல்லிவிட்டேன். தாமதித்தால் தைரியம் போய்விடும். அறிக்கை, விறகு, 17-ஆம் தேதி, எல்லாம்.

“அப்ப அடுப்பு ஊதி ஊதித்தான் எங்குளுக்கு நெஞ்சு அட்ச்சிகிச்சா?”

“அப்படித்தான் எழுதியிருக்கு.”

“இவரு எந்த அடுப்ப ஊதுனாரு? கட்டிகினு வந்த நாளா ஒரு டம்ளர் சுடுதண்ணி வெச்சதில்ல.”

தேசப்பன் அண்ணன் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது. “பீடி கூட... குட்ச்சதில்ல பாப்பா. ஊதுற மிசின்ல... ஊதுனேன். போலீஸ்காரன் ஊதச் சொன்னா... தப்பிச்சிடுவேன் நானு. காத்தே வராது.”

அக்கா சிரிக்கவில்லை. “அத்த எய்தினது யாரு?”

“எழுதினது டாக்டர். டிக் அடிச்சது நான்.”

“கூழு குட்ச்சிகினே அட்ச்சே. ரெண்டு சொம்பு. நான்தான ஊத்துனேன்.”

எதிர் வீட்டில் யாரோ டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள், கேட்பதற்கு.

“அந்த ரெண்டாவது கம்பம் வந்தா இவரு இன்னொரு ஆடி பாக்க மாட்டாரு. உனுக்குத் தெரியுமா அது?”

“தெரியும்க்கா.”

“தெரிஞ்சிகினு வந்து வெறுங்கையோட நிக்கிற. இன்னா பண்ணப்போற?”

“எல்லா வீட்லயும் மறுபடி கேக்கணும். வருஷத்துல எத்தனை நாள் விறகுன்னு.”

கூடையைக் கழுவிக் கவிழ்த்தாள். காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். “சரி, வா. நீ தனியா போனா செருப்பு பறக்கும்.”

பிப். 9, திங்கள்

வேலை முடிந்து ஐந்தரைக்குக் குப்பம். நாற்பது பக்க நோட்டு. மூன்று பத்தி: வீட்டு எண், நாள், எதற்காக. பெயர் எழுதவில்லை.

கிடைத்த பதில்கள்:

“ஆடில ஒரு நாளு.”

“ஒரு நாளு. மாமியா செத்தப்ப காரியத்துக்கு ஒண்ணு. ரெண்டுன்னு போட்டுக்கோ.”

“பொங்கலுக்கும் ஆடிக்கும். அவ்ளோதான்.”

“இன்னாத்துக்கு மறுபடி? போன தபா கேட்டுகினு போனியே, மாத்திர குட்த்தியா, மருந்து குட்த்தியா?”

“இவதான் அவளா?” (கதவு சாத்தப்பட்டது. அக்கா மூன்று முறை தட்டித் திறக்க வைத்தாள். ஒரு நாள்.)

பிப். 10, செவ்வாய்

இரவு ஏழே கால் மணிக்கு ஆலை வாடை. சந்து முழுக்க ஜன்னல்கள் படபடவென்று சாத்தும் சத்தம், யாரும் ஒரு வார்த்தை பேசாமல். பழகிப்போன வேலை. என் கண்ணில் எரிச்சல். யாரிடம் சொன்னாலும் எந்தப் படிவத்திலும் இதற்குக் கட்டம் இல்லை. எடுத்துவிட்டார்கள் அல்லவா. நோட்டின் பின்னட்டையில் நேரம் குறித்தேன்.

பவுனுவின் வீடு. இட்லிக் கடை. விறகடுப்பு தினமும், விடியற்காலை நாலு மணி முதல். நான் எழுதத் தொடங்கியதும் அக்கா என் கையைப் பிடித்தாள்.

“அத்த ஏன் எய்துற? அந்த ஒண்ண வெச்சிகினே ஆட்டுவான்.”

“எழுதலன்னா நானும் அவங்களும் ஒண்ணுக்கா.”

“ரொம்ப நேர்ம பாரு. ஆடில எங்க போச்சு இது?”

எழுதினேன். 365. மீன் வறுத்து விற்கும் இன்னொரு வீடும் தினமும். ஆக இரண்டு. பவுனு முகாமில் நன்றாக ஊதியதாகத்தான் ஞாபகம். ஒருத்தியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அது எனக்கே தெரியும். ஆனாலும் ரயிலில் வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பிப். 11, புதன்

முடிந்தது. பூட்டியிருந்த மூன்று வீடுகள் தவிர எல்லாம். இரண்டு வீட்டில் தினமும் விறகு. மீதி எல்லா வீட்டிலும் ஒரு நாள், இரண்டு நாள், அதிகம் போனால் நான்கு. அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மூன்று நாள் மாலை வியாபாரத்தை விட்டுவிட்டு என்னோடு நடந்திருக்கிறாள். நன்றி என்றேன். “வாய மூடு” என்றாள்.

பிப். 12, வியாழன்

டாக்டர் நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். ஒரு வரி விடாமல். அப்போது நம்பிக்கை வந்தது, அதை மறைக்கக் கூடாது.

மூடி என் பக்கம் தள்ளினார்.

“நெறிமுறைக் குழு அனுமதி எங்க?”

“சார்?”

“அனுமதி இல்லாம ஜனங்க கிட்ட எடுத்த டேட்டா. இதை நான் தொடக் கூடாது.”

“தொட்டு முழுசா படிச்சிட்டீங்களே சார்.”

முகம் சிவந்தது. “நீ சேரும்போது கையெழுத்துப் போட்ட பேப்பர்ல மூணாவது பாயிண்ட் என்ன?”

ஆய்வு பற்றிக் கள ஊழியர்கள் வெளியில் பேசக் கூடாது. தெரியும்.

“பதினேழாம் தேதி லீவ் எடுத்துக்கோ” என்றார். உத்தரவா, கெஞ்சலா? குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.

ஆய்வுக்காரர்களிடமிருந்து ஜனங்களைக் காப்பாற்றத்தான் அந்த அனுமதி விதி. பயிற்சி வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே அதை வைத்து ஜனங்களிடமிருந்து அறிக்கையைக் காப்பாற்றுகிறார்கள். ஆடி மாதம் நான் புகைக்கு நடுவில் நின்று அடித்த டிக்குக்கு முறையான அனுமதி இருந்தது. அதனால் அது உண்மை. இது இல்லை.

பிப். 15, ஞாயிறு

வீட்டில். செருப்பு அறுந்தது. துணி துவைத்தேன். மூன்றாம் மாடிக்கு ஆறு குடம்.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். மூஞ்சியைப் பார்த்தே கேட்டுவிட்டாள்.

“கையெழுத்து போட்டுத்தான வேலைக்கு சேந்த? இப்ப இன்னாடி புச்சா?”

“தப்பா எழுதியிருக்காங்கம்மா. அதுவும் நான் எடுத்ததை வெச்சு.”

“நாட்ல எல்லாம் சரியா எய்திகினு கீறானுங்களா? இந்த பில்டிங்க இடிக்கணும்னு எய்தி எத்தினி வருசமாச்சு? யாராவுது வந்தானா?” குடத்தை மூடி வைத்துவிட்டு: “அந்த ஆளுக்கு மெய்யாலுமே மூச்சு வரலியா?”

“வலை இழுக்க முடியலம்மா.”

அம்மா அறுந்த செருப்பை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

மாலை பிரபு போன். “வராத யசோ. உன்ன மட்டும் தூக்க மாட்டாங்க. டீமையே மூடிடுவாங்க. எனக்குக் கொழந்த பொறந்து ரெண்டு மாசம் ஆவுது.” பின்னால் குழந்தை அழும் சத்தம். “சாபம் உட மாட்டேன். சொல்லிட்டேன், அவ்ளோதான்.” வைத்துவிட்டான்.

அவன் சொன்னது சரி. இதை எழுதிவிட்டு அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் சரியாகத்தான் இருக்கிறது.

பிப். 17, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

கல்யாண மண்டபம். மணமக்கள் நாற்காலியை ஓரமாகத் தள்ளி அதன்மேல் துணி போர்த்தியிருந்தார்கள். மேடையில் கூட்டத்தை நடத்தும் அரசு அதிகாரி, ஆலை ஆட்கள் மூவர், ஓரத்தில் டாக்டர். ஒன்பதரைக்குப் போனேன். முன் வரிசைகள் எல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. இரண்டு பேருந்தில் கொண்டு வந்த ஆலை ஒப்பந்தத் தொழிலாளர்கள், எல்லார் தலையிலும் ஒரே நிறத் தொப்பி. பாவம், அவர்களும் ஒப்பந்தம்தான். குப்பத்துப் பெண்கள் பத்து மணிக்கு வந்தார்கள். பின்னால் தூண் பக்கம் இடம். போலீஸ் நிறைய.

பேச வேண்டுமென்றால் பெயரும் முகவரியும் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். கஸ்தூரிக்காவுக்கு 30. நான் வாங்கவில்லை. பேச வரவில்லை, பார்க்க வந்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆலையின் படக்காட்சி. வேலைவாய்ப்பு, மரக்கன்று, பள்ளிக்குக் குடிநீர்த் தொட்டி.

டாக்டர் எழுந்தார். எட்டாம் பக்கத்தைக் குனிந்தபடியே வாசித்தார். ‘புகையில்லா அடுப்பு’ என்றதும் பின்னாலிருந்து ஒரு குரல்: “எங்க வூட்டு அடுப்ப நீ எப்ப சார் வந்து பாத்த?” சிரிப்பு. “உக்காரும்மா, உக்காரு” என்று போலீஸ். டாக்டர் தலை நிமிரவில்லை. நான் திருத்திய ஒற்று எல்லாம் சரியாக உச்சரித்தார்.

முன் வரிசையில் ஒவ்வொருவராக வந்து விரிவாக்கத்தை வரவேற்றார்கள். எல்லாருக்கும் கையில் துண்டுச்சீட்டு, ஒரே வாக்கியம். ஒரு மணி ஆனது. உணவுப் பொட்டலம் முன் வரிசைக்கு வந்தது.

எண் 30.

அக்காவுக்கு மைக் உயரம் எட்டவில்லை. பிடித்து வளைத்தாள். “சார், எங்க ஊட்டுக்காரரு கடலுக்குப் போயி ரெண்டு வருசமாச்சு. மூச்சு இல்ல. இந்த டாக்டரு வெறவுதான் காரணம்ன்றாரு. எங்க வூட்ல வெறவு எரிஞ்சது ஆடில ஒரு நாளு, ஆத்தாவுக்கு. அத்த எய்திகினு போன பொண்ணு தோ கடைசி வரிசைல குந்திகினு கீது. நான் சொன்னா நம்ப மாட்டீங்கோ. அத்த கேளுங்கோ.”

எல்லாத் தலைகளும் திரும்பின. தொப்பிகளும். டாக்டரும்.

மேடை மைக் வரை எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. அக்கா மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“பெயர்? முகவரி?” என்றார் அதிகாரி.

“யசோதரா. வியாசர்பாடி.”

“வியாசர்பாடி திட்டப் பகுதியில் வராது. டோக்கனும் இல்லை. அமருங்கள்.”

“எங்க வூட்டு அட்ரஸ் போட்டுக்கோ சார். ஒரு வாரமா எங்க வூட்லதான் துண்ணுது.”

பின்னால் கைதட்டல். அதிகாரிக்கும் உதட்டில் சிரிப்பு வந்து போனது. “சரி, 31. ஆய்வு நிறுவனத்தின் சார்பில் பேசுகிறீர்களா?”

டாக்டரைப் பார்த்தேன். கையிலிருந்த காகிதங்களை மேசையில் தட்டி ஓரம் நேர் செய்துகொண்டிருந்தார்.

“இல்லை. படிவம் நிரப்பின ஆளா பேசறேன்.”

சொன்னது இவ்வளவுதான், ஞாபகத்திலிருந்து: “குப்பத்துல ஒவ்வொரு வீட்லயும் விறகடுப்பு எரிஞ்சத நேர்ல பாத்து நான்தான் ஆம்னு டிக் அடிச்சேன். அது கூழ் வார்த்த நாள். வருஷத்துல எத்தனை நாள்னு நான் கேக்கல. கேக்கற கேள்விய எடுத்துட்டாங்க. இந்த மாசம் திரும்பப் போய்க் கேட்டேன். ரெண்டு வீடு தவிர எங்கயும் தினமும் விறகு கிடையாது. அதனால எட்டாம் பக்கம் தப்பு. தப்பு என் கையில ஆரம்பிச்சுது.”

“நேரமாச்சு! நேரமாச்சு!” முன் வரிசை. யாரோ சொல்லிக் கொடுத்தது போல ஒரே தாளம்.

நோட்டை நீட்டினேன். அதிகாரி வாங்கவில்லை. “மனுவாக எழுதிக் கொடுங்கள். கருத்து பதிவு செய்யப்பட்டது. அடுத்து 32.”

கடைசியில் பதிவுகளை வாசித்தார்கள். மைக் ஊளையிட்டது, பாதிப் பேர் பொட்டலத்தோடு கிளம்பியாயிற்று. ஒன்றும் காதில் விழவில்லை.

படியில் இறங்கும்போது டாக்டர் எதிரே. ஒதுங்கப் பார்த்தேன், இடமில்லை.

“சாப்டியா?” என்றார்.

இல்லை என்றேன். தலையசைத்துவிட்டு காருக்குப் போனார்.

பிப். 18, புதன்

அலுவலகத்திலிருந்து வாட்ஸாப்பில் நான்கு வரி. ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. அடையாள அட்டை, அலுவலகப் பை, அளவு நாடாவைத் திருப்பித் தரவும். வாங்கிக்கொள்ள பிரபு வந்தான். வாசலிலேயே நின்றான். “உன்ன மட்டும்தான் தூக்கினாங்க” என்றான். நிம்மதி அவனுக்கு. உண்மையில் எனக்கும்.

நோட்டைப் படி எடுத்து மனுவோடு சேர்த்து அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ரசீது கோதுமை மாவு டப்பாவில்.

அம்மா செருப்பைத் தைத்து வைத்திருக்கிறாள். வேலை போனது பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாயிருக்கும்.

பிப். 26, வியாழன்

கடும் வெயில். காலையில் கஸ்தூரிக்கா போன்: கூட்டக் குறிப்பை மண்டல அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கிறார்களாம், வா.

போனேன். பதினேழு தாள், மேலும் கீழுமாக ஆணி. அக்கா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், அதனால் நான் வாசித்தேன்.

“30. திருமதி கஸ்தூரி: தமது கணவரின் உடல்நிலையைக் குறிப்பிட்டு, குடும்பத்துக்கு வேலைவாய்ப்பு கோரினார். நிறுவனத்தின் பதில்: தகுதி அடிப்படையில் பரிசீலிக்கப்படும்.”

“வேலையா? நானா? எப்ப கேட்டேன்?”

“கேக்கலக்கா.”

“அடுத்தது படி.”

“31. மேற்படி முகவரியில் வசிக்கும் யசோதரா: குப்பத்தில் ஒவ்வொரு வீட்டிலும் விறகடுப்பு எரிந்ததைத் தாமே நேரில் கண்டு பதிவு செய்ததாகத் தெரிவித்து, ஆய்வறிக்கையை உறுதிப்படுத்தினார். நிறுவனத்தின் பதில்: கருத்து வரவேற்கப்படுகிறது.”

“இன்னொரு தபா.”

மறுபடி வாசித்தேன். ‘உறுதிப்படுத்தினார்’ ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நான் சொன்னது. அதுதான் தாங்க முடியவில்லை. ஆம் என்று ஆடியில் அடித்த டிக்கை நானே மேடை ஏறி, மைக்கில், என் பெயர் போட்டு, இரண்டாம் முறை அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

“பேசாம இருந்திருக்கலாம்க்கா.”

அக்கா திரும்பி ஒரு முறை முறைத்தாள். “கம்னு கிடந்தா மட்டும் இன்னா எய்துவான்? இத்தயேதான் எய்துவான், உன் பேரு இல்லாம. இப்ப உன் பேரு கீது. என் பேரு கீது. நான் சொல்லல, இவ சொல்லலன்னு ரெண்டு பேரும் வந்து நிக்கலாமா இல்லியா?”

காவலாளி: அதிகாரி வெளியில் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது, நாளைக்கு வாங்க.

“நாளைக்கு வியாபாரம் கீது எங்குளுக்கு. இன்னிக்கே குந்துறோம்.”

பன்னிரண்டு மணியிலிருந்து வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறோம். அக்கா மூன்று பேருக்குப் போன் போட்டாள். பவுனு வந்துவிட்டாள், கையில் மாவு காயவில்லை. நான்கு பேர் ஷேர் ஆட்டோவில் வருகிறார்களாம். தேசப்பன் அண்ணனும் வருவேன் என்று அடம். படி ஏற முடியாது, வேண்டாம் என்று அக்கா கத்தினாள். அவர் கேட்கவில்லை. ‘ஏற முடியாததை அவன் பாக்கட்டும்’ என்றாராம், நடுவில் இரண்டு மூச்சு வாங்கி.

மணி ஒன்று நாற்பது. காவலாளி உள்ளே யாருக்கோ போன் பேசுகிறான், எங்களைப் பார்த்தபடி. நான் அந்த இரண்டு பத்திகளையும் இங்கே படி எடுத்துக்கொண்டேன். கீழே, அன்றைக்கு நாங்கள் உண்மையில் சொன்னது.

கேட்டில் அதிகாரியின் ஜீப் திரும்புகிறது. கஸ்தூரிக்கா எழுந்து புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிவிட்டாள். “எய்தினது போதும், ஏந்திரு மே” என்கிறாள்.